பழைய ஸ்னோமொபைலுக்கு வேறு மாடல் சிலிண்டர் வாங்குகிறீர்களா? முதலில் அளந்து பாருங்கள்

பனியில் ஓடும் ஸ்னோமொபைல்களில் ஒரு பிராண்டான ஸ்கி-டூவின் பழைய வண்டிகளில் வந்த ரோடாக்ஸ் நிறுவனத்தின் 377, 447, 503 மூன்றுமே ஃபேன் காற்றில் குளிரும் இரட்டைச் சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் இன்ஜின்கள். மூன்றுக்கும் ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) 61 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) மட்டும் 62, 67.5, 72 மி.மீ. என்று மாறும். பார்த்தால் சிலிண்டரை மாற்றிப் போட்டாலே போதும் என்று தோன்றும். அவசரப்படாதீர்கள்.

சிலிண்டரின் அடியில் கிராங்க்கேஸுக்குள் (கிராங்க் சுழலும் கீழ்க்கூடு) இறங்கும் கழுத்தை வெர்னியரால் அளந்து, கேஸின் வாயோடு ஒப்பிடுங்கள். சிலிண்டருக்கும் கேஸுக்கும் நடுவில் வரும் பழைய பேஸ் கேஸ்கெட்டை வாங்கும் சிலிண்டரின் அடிப்பக்கத்தில் வைத்தால் ஸ்டட் துளைகளும், கேஸிலிருந்து எரிபொருள் கலவை மேலே ஏறும் டிரான்ஸ்ஃபர் வழிகளும் பொருந்துகிறதா என்று உடனே தெரியும். ரோட்டரி வால்வ் இன்ஜினின் சிலிண்டர் என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். அதில் கலவை கிராங்க்கேஸ் வழியாக நுழைவதால், சிலிண்டரில் இன்டேக் போர்ட்டே (கலவை நுழையும் துளை) கிடையாது.

பலர் கவனிக்காதது பிஸ்டன் ரிங் பின். ரிங்கின் முனைகள் அந்தப் பின்னில்தான் நிற்கும். வேறு சிலிண்டரில் அந்த இடத்துக்கு நேராக ஒரு போர்ட் இருந்தால் முனை அதில் மாட்டி உடையும், சிலிண்டரும் போய்விடும். அதனால் சிலிண்டரை அதற்குரிய பிஸ்டனோடு சேர்த்தே வாங்குவது என் யோசனை.

பொருத்திய பிறகு, ஸ்பார்க் பிளக் துளை வழியாக மெல்லிய சால்டர் கம்பியைப் பிஸ்டன் விளிம்புவரை விட்டு, கிராங்கைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். நசுங்கிய முனையின் தடிமன்தான் ஹெட்டுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளி. அப்புறம் கார்புரேட்டரில் பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டையும் புதிய போருக்கு ஏற்றபடி மாற்றிவிடுங்கள்.