காலைச் சர்க்கரை ஏன் ஏறுகிறது? இரவு 3 மணிக்கு ஒருமுறை பாருங்கள்

படுக்கும்போது சர்க்கரை 130. இரவில் எதுவும் சாப்பிடவில்லை. எழுந்து பார்த்தால் 190. சர்க்கரை நோய் புதிதாக வந்தவர்களை இதைப் போலக் குழப்புவது வேறில்லை. சிலர் மறுநாளே இரவு உணவைப் பாதியாக்கிவிடுவார்கள். சிலர் தாங்களாகவே இன்சுலினை இரண்டு யூனிட் கூட்டுவார்கள். இரண்டுமே அவசரம். காலையில் மீட்டர் காட்டும் எண் அந்த நேரத்து அளவு மட்டும்தான். ராத்திரி முழுக்க என்ன நடந்தது என்பதை அது சொல்லாது. ஒரே 190க்கு வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம், சிகிச்சையும் அதற்கேற்ப மாறும்.

நாம் தூங்கும்போதும் மூளைக்குக் குளுக்கோஸ் வேண்டும். அதைக் கல்லீரல் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். அளவுக்கு மீறாமல் தடுப்பது இன்சுலின். விடியற்காலையில் கார்டிசால், வளர்ச்சி ஹார்மோன் போன்றவை இன்சுலினுக்கு எதிராக வேலை செய்வதால் கல்லீரல் கூடுதலாக விடுகிறது. இது எல்லோருக்கும் நடப்பதுதான். நீரிழிவு இல்லாதவர்களுக்கு இன்சுலின் தானாகவே கூடிச் சமாளித்துவிடும்.

படி 1: உங்கள் இலக்கைக் கேட்டுக்கொள்ளுங்கள்

கர்ப்பமாக இல்லாத பெரியவர்களுக்குச் சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130 மி.கி./டெ.லி. வரை என்பது அமெரிக்க நீரிழிவுச் சங்கம் சொல்லும் பொதுவான அளவு. வயதானவர்களுக்கும் அடிக்கடி லோ சுகர் (சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைவது) ஆகிறவர்களுக்கும் மருத்துவர் இதைத் தளர்த்துவார், கர்ப்பிணிகளுக்கு இறுக்குவார். படுக்கும்போது எவ்வளவு இருக்கலாம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பலரும் கேட்க மறந்துவிடுவது அதைத்தான்.

படி 2: மூன்று நேரம், சில இரவுகள்

படுக்கும் முன், இரவு 3 மணி, எழுந்தவுடன். மூன்று முறையும் விரலில் குத்திப் பார்த்து எழுதுங்கள். தொடர்ந்து செய்ய வேண்டியதில்லை. ஒரு வாரத்தில் மூன்று நான்கு இரவுகள் போதும். 3 மணிக்கு அலாரம் வைப்பது தொல்லைதான், ஆனால் முக்கியமான விஷயம் அந்த எண்ணில்தான் இருக்கிறது.

விருந்து, காய்ச்சல், மது, வழக்கத்தைவிடக் கடுமையான உடற்பயிற்சி இருந்த நாட்களை விட்டுவிடுங்கள். இரவு உணவைப் படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே முடித்துவிட்டால் கணக்குத் தெளிவாக இருக்கும். சாப்பிட்ட நேரம், மாத்திரை அல்லது ஊசி போட்ட நேரம் இரண்டையும் பக்கத்திலேயே குறியுங்கள். அப்புறம், கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். விரலில் ஒட்டிய பழச்சாறு மீட்டரை ஏமாற்றப் போதும்.

படி 3: எண்களைப் படியுங்கள்

படுக்கும்போதே கூடுதல், காலை வரை அப்படியே இருக்கிறது என்றால், பிரச்சினை இரவில் இல்லை. இரவு உணவிலோ அதற்கான மருந்திலோ இருக்கிறது.

3 மணி வரை சீராக இருந்து அதன் பிறகு ஏறினால், மேலே சொன்ன விடியற்கால ஏற்றமாக இருக்கலாம். இதற்காகப் பட்டினியாகப் படுப்பதால் பெரிய பலன் இல்லை, ஏனென்றால் ஏறுவது தட்டில் இருந்து வந்த சர்க்கரை அல்ல. மருந்தின் அளவையோ நேரத்தையோ மாற்றுவது பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும்.

படுத்ததில் இருந்தே படிப்படியாக ஏறினால், இரவு முழுதும் வேலை செய்ய வேண்டிய இன்சுலின் போதாமல் இருக்கலாம். தாமதமாகச் சாப்பிட்ட கொழுப்பு மிகுந்த உணவும் இப்படிக் காட்டும். கொழுப்பு செரிமானத்தை மெதுவாக்குவதால் சர்க்கரை பல மணி நேரம் கழித்து ஏறும்.

3 மணிக்கு 70க்குக் கீழே இருந்தால்தான் கவனமாக இருக்க வேண்டும். லோ ஆன பிறகு உடல் பதறிச் சர்க்கரையை ஏற்றும், அதனால்தான் காலையில் கூடுகிறது என்று ஒரு பழைய விளக்கம் உண்டு. உடலில் ஒட்டிக்கொண்டு சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சார் வைத்துப் பார்த்த ஆய்வுகள் அதை அவ்வளவாக ஆதரிக்கவில்லை. இரவில் லோ ஆனவர்களுக்குக் காலையிலும் பெரும்பாலும் குறைவாகவே இருந்தது. ஆனால் பதற்றத்தில் கையில் கிடைத்ததையெல்லாம் சாப்பிட்டால் காலையில் எகிறத்தான் செய்யும். எப்படி இருந்தாலும், இரவில் லோ ஆகிறதா என்று பார்க்காமல் இன்சுலினைக் கூட்டுவது ஆபத்து.

படி 4: லோ சுகருக்குத் தயாராகப் படுங்கள்

இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் இந்தப் படியைத் தவிர்க்க வேண்டாம். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு லோ ஆவது அபூர்வம். உடை நனையும் வியர்வை, கெட்ட கனவு, எழும்போது தலைவலி இவை தூக்கத்தில் லோ ஆனதற்கான அடையாளங்களாக இருக்கலாம்.

கட்டிலுக்குப் பக்கத்தில் குளுக்கோஸ் மாத்திரையோ பழச்சாறோ வையுங்கள். 70க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரைச்சத்து; அதாவது சுமார் அரை கப் பழச்சாறு. 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறாவிட்டால் திரும்பவும் அதே அளவு. சாக்லேட் வேண்டாம், அதில் உள்ள கொழுப்பு தாமதப்படுத்தும். அகார்போஸ் என்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை வேகமாக வேலை செய்யாது, குளுக்கோஸ்தான் வேண்டும்.

நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. குளுக்ககான் (சர்க்கரையை ஏற்றும் அவசர மருந்து) இருந்தால் கொடுத்துவிட்டு ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். இதை நோயாளி தெரிந்து வைத்துப் பயனில்லை. கூட இருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

மது குடித்த இரவில் கல்லீரல் குளுக்கோஸ் விடுவது குறையும். மாலையில் கடுமையாக உடற்பயிற்சி செய்தால், அதன் விளைவு நள்ளிரவு தாண்டியும் நீடிக்கும். படி 2 கணக்கில் இந்த நாட்களைச் சேர்க்காவிட்டாலும், பாதுகாப்புக்காக 3 மணி சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள்.

சென்சார் வைத்திருந்தால்

அலாரம் தொல்லை இல்லை. இரவு முழுவதும் கோடாகவே தெரியும். ஒரு சிக்கல் உண்டு: சென்சார் உள்ள கையின் மேல் படுத்துவிட்டால், அழுத்தத்தால் பொய்யாக லோ காட்டும். திடீரென்று சரிந்து, புரண்டு படுத்ததும் நிமிர்ந்தால் பெரும்பாலும் அதுதான். சந்தேகம் வந்தால் விரலில் பாருங்கள். ஆனால் வியர்வையும் நடுக்கமும் இருந்து உடனே சோதிக்க முடியாவிட்டால், முதலில் குளுக்கோஸ்.

படி 5: ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்

குறிப்பை மருத்துவரிடம் காட்டுங்கள். உணவு நேரம், நடை, மருந்து எல்லாவற்றையும் ஒரே இரவில் மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினின் டோஸை மாற்றினால், அதன் முழு விளைவு தெரியச் சில நாட்கள் ஆகும். மறுநாள் காலை எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். மாற்றிய பிறகு முதல் சில இரவுகள் மறுபடி 3 மணிக்கு எழுந்து பாருங்கள். இடையில் ஒருமுறை 54க்குக் கீழே போனாலோ, அடிக்கடி 70க்குக் கீழே போனாலோ, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரை அழையுங்கள்.