தகுதி உதவித்தொகை கிடைக்காத வீட்டில் அடுத்த பதினைந்து நாள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் வெளிவந்ததும் கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பகுதிகளில் உள்ள தனியார் கல்லூரிகள் பலவும் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கென்று தகுதி உதவித்தொகையை அறிவிக்கின்றன. சில கல்லூரிகள் கட்ஆஃப் மதிப்பெண்ணை மட்டும் பார்க்கின்றன. வேறு சில தனியாகத் தேர்வு வைத்து, நேர்காணலும் நடத்தி, கடைசியில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்கு முழுக் கட்டணத்தையோ பாதிக் கட்டணத்தையோ தள்ளுபடி செய்கின்றன. ஈரோடு மாவட்டத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இயற்பியல் சொல்லித்தரும் எனக்கு, அந்தப் பட்டியலில் பெயர் வராத பிள்ளைகளோடும் அவர்களுடைய பெற்றோரோடும் உட்கார்ந்து பேசும் வேலை ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் வந்துவிடும். உதவித்தொகை கிடைக்காமல் போனதால் வந்த இழப்பைவிட, அது தெரிந்த பதினைந்து நாள்களுக்குள் அவமானத்திலும் அவசரத்திலும் செய்த காரியங்களால் வந்த இழப்பே பெரிதாக இருந்ததைப் பல குடும்பங்களில் பார்த்துவிட்டேன்.

முதல் தவறு முடிவு வருவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. மூன்றாண்டுகளுக்கு முன் என் வீட்டில் அதைச் செய்தவன் நான்தான். நேர்காணல் நன்றாக நடந்தது என்று மகள் சொன்ன அன்றைக்கே, காங்கயத்தில் இருக்கும் அவளுடைய மாமனுக்கும் பெருந்துறையில் இருக்கும் என் அண்ணனுக்கும் போன் போட்டு, ஏறக்குறைய முடிந்த மாதிரிதான் என்று சொல்லிவிட்டேன். முடிவு வரவேண்டிய நாளில் ஒரு கிலோ மைசூர்பாகும் வாங்கி வைத்துவிட்டேன். மாலை ஆறரை மணிக்கு மின்னஞ்சல் வந்தது. அவள் அதை இரண்டு முறை படித்தாள். சான்றிதழ் நகல்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்த பிளாஸ்டிக் ஃபைலை எடுத்து அதன் பொத்தானை அழுத்தி மூடினாள். பிறகு, "மாமாவுக்கு யாருங்கப்பா சொல்றது?" என்று கேட்டாள். தனக்குக் கிடைக்கவில்லையே என்று அவள் வருத்தப்படுவதற்குக்கூட இடம் விடாமல், சொந்தக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது என்ற பாரத்தை நான் அவள் தலையில் ஏற்றி வைத்திருந்தேன். இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு அவளுடைய அம்மாயி அந்தப் பெட்டியைப் பிரித்து, ஒரு துண்டை எடுத்து அவள் கையில் வைத்து, "கெடச்சாத்தான் இனிப்பா கண்ணு? நீ படிச்சதுக்குத் தின்னு" என்றார். அப்போதுதான் அவள் அழுதாள்.

ஆகவே, பட்டியல் வெளிவரும் வரை ஊருக்குச் சொல்லாதீர்கள். சொல்லிவிட்டீர்கள் என்றால், கிடைக்கவில்லை என்பதைச் சொல்லும் வேலையையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பிள்ளையிடம் விடக்கூடாது. கல்யாண மண்டபத்திலும் கோயில் நோம்பியிலும் யாராவது விசாரிக்கும்போது, பெற்றவர் முந்திக்கொண்டு "அது அமையலைங்க, வேற இடம் பார்த்துக்கிட்டிருக்கோம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டால், பக்கத்தில் நிற்கும் பிள்ளை தலை குனிய வேண்டிய நிலை வராது.

அடுத்தது, பட்டியலைத் தவறாகப் படிப்பது. பெயர் வராத பிள்ளைகள் அதைத் தங்கள் அறிவின் மீதான தீர்ப்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள். பொறியியல் கட்ஆஃப் எப்படி வருகிறது என்று பாருங்கள். மொத்தம் 200; அதில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. இயற்பியலில் ஒரு மதிப்பெண் குறைந்தால் கட்ஆஃபில் அரை மதிப்பெண் போய்விடும். 196 வாங்கியவருக்குக் கிடைத்து 195.5 வாங்கியவருக்குக் கிடைக்கவில்லை என்றால், இருவருக்கும் நடுவில் இருப்பது விடைத்தாளில் ஓர் இடத்தில் அலகை எழுத மறந்த அளவுக்கான வித்தியாசமாகக்கூட இருக்கலாம். தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையின் தரவரிசையில் இருவர் ஒரே கட்ஆஃப் பெற்றால் முதலில் கணித மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள். அதுவும் ஒன்றானால் இயற்பியலையும், இப்படியே இறங்கிக் கடைசியில் பிறந்த தேதியையும், அதுவும் ஒன்றாக இருந்தால் சமவாய்ப்பு எண்ணையும் பார்க்கிறார்கள். பத்து இடம் இருந்தால் பதினோராவது பெயருக்கு முன்னால் கோடு விழத்தான் செய்யும். வருத்தப்பட வேண்டாம் என்று நான் எந்தப் பிள்ளையிடமும் சொல்வதில்லை. இரண்டு ஆண்டு உழைத்தவளுக்கு வருத்தப்பட உரிமை உண்டு. அந்த வருத்தம் "நான் எதற்கும் லாயக்கில்லை" என்ற முடிவாக இறுகிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரியவர்கள் செய்ய வேண்டியது.

கிடைக்கவில்லை என்று தெரிந்த மறுநாளே ஆள் பிடிக்க ஓடுவது வேறொரு தவறு. அறக்கட்டளையில் தெரிந்தவர் இருக்கிறார், இவ்வளவு கொடுத்தால் முடித்துத் தருவார் என்று சொல்லிக்கொண்டு வரும் புரோக்கரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அவர் கையில் கொடுத்த பணத்துக்கு ரசீதும் கிடையாது, அதைத் திருப்பிக் கேட்க வழியும் கிடையாது. இதற்குப் பதிலாக நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. அதிக மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் ஒரே சமயத்தில் நான்கைந்து கல்லூரிகளின் பட்டியலில் இருப்பார்கள்; அவர்களில் சிலர் மருத்துவக் கலந்தாய்வில் இடம் கிடைத்து அங்கே போய்விடுவார்கள். அப்படிக் காலியாகும் உதவித்தொகையை அடுத்த இடத்தில் இருப்பவருக்குக் கொடுக்கும் கல்லூரிகள் உண்டு. ஆகையால் மாணவியே தன் விண்ணப்ப எண்ணையும் மதிப்பெண்ணையும் குறிப்பிட்டு, காத்திருப்போர் பட்டியல் உள்ளதா, இரண்டாம் ஆண்டில் விண்ணப்பிக்க வாய்ப்பு உண்டா என்ற இரண்டு கேள்விகளை மட்டும் பணிவாகக் கேட்டுக் கடிதம் எழுதலாம். அவனுக்குக் கொடுத்தீர்களே, எனக்கு ஏன் இல்லை என்ற வழக்கு அதில் வேண்டாம்.

என் அனுபவத்தில் அதிகப் பணத்தை இழக்க வைப்பது, துக்கத்தில் மற்ற தேதிகளைத் தவறவிடுவதுதான். ஓர் உதவித்தொகை போனதும், இனி எதற்கும் விண்ணப்பிக்க வேண்டாம் என்று வீடே ஓய்ந்துவிடுகிறது. குடும்பத்தில் யாருமே பட்டம் பெறாதிருந்து, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேரும் பிள்ளைக்கு, முதல் பட்டதாரி என்ற முறையில் அரசு கல்விக் கட்டணச் சலுகை தருகிறது. இதற்கு வருமான வரம்பு இல்லை. ஆனால் வருவாய்த் துறையின் சான்றிதழை இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்து வாங்கி, கலந்தாய்வு விண்ணப்பத்தோடு சேர்க்க வேண்டும். அந்த வாரத்தை விட்டுவிட்டுப் பிறகு அலைந்த பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இது தெரியாமல், கிடைக்காத ஒரு தனியார் சலுகைக்காகப் புலம்பிக்கொண்டிருந்த மாணவன் ஒருவனை என் பள்ளியிலேயே கண்டேன். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்களுக்கு 2024 ஆகஸ்ட் 9 அன்று நமது கோவையில் தொடங்கிவைக்கப்பட்ட தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படுகிறது.

ஒன்றிய அரசின் திட்டங்களையும் பாருங்கள். பொறியியல் போன்ற தொழில்நுட்பப் படிப்பின் முதலாண்டில் சேரும் பெண்களுக்கு, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் இருந்தால், பிரகதி திட்டத்தில் ஆண்டுக்கு 50,000 ரூபாய் கிடைக்க வாய்ப்பு உண்டு. அதுவும் மதிப்பெண் அடிப்படையிலான போட்டிதான். ஆனாலும் ஒரு கல்லூரியின் பத்து இடத்துக்கான போட்டியைவிட இங்கே வாசல் அகலம். பன்னிரண்டாம் வகுப்பில் தங்கள் வாரியத்தின் முதல் 20 சதவீதத்துக்குள் வந்து, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்கு மிகாதவர்களுக்குத் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் இன்னொரு திட்டம் இருக்கிறது. முதல் மூன்றாண்டுக்கு ஆண்டுக்கு 12,000, தொழிற்படிப்பின் நான்காம் ஆண்டில் 20,000 என்று பொறியியல் மாணவருக்கு மொத்தம் 56,000 ரூபாய் வரும். வேறு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ பெறுகிறவர் இதைச் சேர்த்துப் பெற முடியாது என்பதால், எது பெரிது என்று கணக்குப் போட்டு ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். இந்த விண்ணப்பங்களில் பல கல்லூரி தொடங்கிய பிறகுதான் திறக்கின்றன. புதுச் சேர்க்கையின் பரபரப்பில் பலர் அவற்றை மறந்துவிடுவதும் அதனால்தான்.

பிடித்த பிடியை விடாமல், தள்ளுபடி இல்லாவிட்டாலும் அதே கல்லூரிதான் என்று கடன் வாங்கிச் சேர்ப்பது பற்றி வருத்தத்தோடு எழுதுகிறேன். விசைத்தறி ஓட்டும் ஒரு தந்தை, ஊரில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக, 2 லட்சம் ரூபாயை மூன்று வட்டிக்கு வாங்கினார். நூற்றுக்கு மாதம் மூன்று என்றால் மாதம் 6,000, ஆண்டுக்கு 72,000 ரூபாய் வட்டி மட்டுமே போகும். அசல் அப்படியே நிற்கும். வங்கிக் கல்விக் கடனில் 4 லட்சம் வரை சொத்துப் பிணையம் கேட்பதில்லை. படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் திருப்பிச் செலுத்தத் தொடங்கினால் போதும். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தகுதி பெற்ற கல்லூரியில் தொழிற்படிப்பு படித்தால், படிக்கும் காலத்துக்கும் அந்த ஓராண்டுக்கும் உரிய வட்டியை ஒன்றிய அரசே ஏற்கும் திட்டமும் உண்டு. வங்கிக் கிளையில் இரண்டு மூன்று முறை நடக்க வேண்டியிருக்கும் என்பது உண்மை. அந்த நடைக்கு அலுத்துக்கொண்டு ஃபைனான்ஸ்காரரிடம் போனால், மகன் இரண்டாம் ஆண்டு முடிப்பதற்குள் வீட்டு நகை அடகுக்குப் போய்விடும்.

அதே சமயம், கைவிட்டுப் போன தொகையையும் நிதானமாகக் கணக்கிட வேண்டும். தகுதி உதவித்தொகையின் நிபந்தனைகளை எடுத்துப் படித்தால், ஒவ்வொரு பருவத்திலும் குறிப்பிட்ட சராசரிக்கு மேல் இருக்க வேண்டும், ஓர் அரியர்கூட விழக்கூடாது என்பது போன்ற வரிகள் பெரும்பாலும் இருக்கும். நான்காண்டுக்கும் நிச்சயம் என்று எண்ணிய பணம் முதல் பருவத்தோடு நின்றுபோனதும் உண்டு. இதோடு ஒப்பிட்டு, கோவையில் 1945 முதல் இயங்கிவரும் அரசு தொழில்நுட்பக் கல்லூரி, ஈரோடு, சேலம் அரசு பொறியியல் கல்லூரிகள், அரசு உதவி பெறும் கல்லூரிகளின் உதவி பெறும் பிரிவுகள் ஆகியவற்றின் கட்டணத்தைப் பாருங்கள். 195-ஐ ஒட்டிய கட்ஆஃப் உள்ள பிள்ளை இவற்றை விருப்பப் பட்டியலில் கீழே தள்ளிவைத்துவிட்டு, விளம்பரப் பலகையில் பார்த்த பெயரை மேலே வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. உதவித்தொகைக்காக மட்டுமே ஓராண்டு வீட்டில் இருந்து மறுபடி முயல்வதையும் நான் ஆதரிப்பதில்லை.

தேறி வரும் பிள்ளைக்கும் மூழ்கும் பிள்ளைக்கும் வேறுபாடு தெரிய வேண்டும். நான்கு நாள் அழுதுவிட்டு ஐந்தாம் நாள் சோற்றுக்கு உட்காரும் பிள்ளையைப் பற்றிக் கவலை வேண்டாம். அழாமல், சாப்பிடாமல், கதவைச் சாத்திக்கொண்டு, போனையும் அணைத்து வைத்துவிட்டு, "நான் உங்களுக்குச் செலவுதானே" என்பது போலப் பேசும் பிள்ளையைத் தனியே விடக்கூடாது. பக்கத்துத் தோட்டத்துப் பையனோடு ஒப்பிட்டு ஒரு சொல்கூட அப்போது வாயில் வரக்கூடாது. டெலி மானஸ் என்ற மனநல ஆலோசனைச் சேவையின் 14416 என்ற எண்ணிலும், தமிழ்நாடு அரசின் 104 என்ற எண்ணிலும் எந்த நேரமும் தமிழில் பேசலாம். பெற்றோரும் அழைத்து யோசனை கேட்கலாம்.

உதவித்தொகை கிடைத்த தோழியோடு பேச்சை நிறுத்திவிடும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். முதல் வாரத்திலேயே வாழ்த்திவிடுவது நல்லது. நாள் போகப்போக அந்த ஒரு போன் கடினமாகிவிடும். என் மகள் மூன்றாம் நாள் பேசினாள். அந்தத் தோழிதான் பிறகு பிரகதி விண்ணப்பம் திறந்துவிட்டது என்று இவளுக்குச் சொன்னவள்.

கல்லூரியில் சேர்ந்த பிறகும் வாய்ப்புகள் வந்துகொண்டிருக்கும். பருவத் தேர்வில் முதலிடம் பெறுவோருக்குச் சலுகை தரும் துறைகளும், முன்னாள் மாணவர்கள் தரும் உதவிகளும் இரண்டாம் ஆண்டில்தான் கண்ணில் படும். கேட் தேர்வில் தகுதி பெற்று முதுநிலைப் பொறியியலில் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. இவை எல்லாவற்றுக்கும் அதே மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, வங்கிக் கணக்குப் புத்தக நகல்தான் வேண்டும். அந்த பிளாஸ்டிக் ஃபைலைப் பரணில் போட்டுவிடாமல் கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருங்கள். வருமானச் சான்றை மட்டும் ஆண்டுதோறும் புதிதாக வாங்கிச் சேர்க்க வேண்டியிருக்கும்.