ரேட் பேசும் முன் ஒரு சதுர அடி

பிரஷர் வாஷர் வைத்து வீடு கழுவிக் கொடுக்கும் தொழிலில் புதிதாக இறங்குகிறீர்களா? ரேட் சொல்வதற்கு முன், வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு, ஒதுக்குப்புறமான மூலையில் ஒரு சதுர அடி கழுவிக் காட்டுங்கள். 40 டிகிரி வெள்ளை நாசில் (தண்ணீரை விசிறி போல அகலமாகப் பரப்பும் முனை) போட்டு, இரண்டடி தள்ளி நின்று ஆரம்பித்து மெல்ல நெருங்குங்கள். பாசி எவ்வளவு பிடிவாதம், பெயிண்ட் உரிகிறதா, வேலை எவ்வளவு நேரம் இழுக்கும் எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். கறுத்த சுவரில் பளிச்சென்று ஒரு கட்டம் தெரிந்தால் பேரமும் குறையும். (வாசலுக்கு நேரே வேண்டாம். வேலை அமையாவிட்டால் அந்தக் கட்டம் அசிங்கமாக நிற்கும்.)

இதெல்லாம் சிமெண்ட் காம்பவுண்ட் சுவர், மொட்டை மாடி, கருங்கல் தளத்துக்குத்தான். காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய வீடுகளில் சுண்ணாம்புப் பூச்சு, தேக்குத் தூண், ஆத்தங்குடி டைல்ஸ் இருக்கும் இடத்தில் சோதனைக்குக்கூட மிஷினை நீட்டாதீர்கள். ஆத்தங்குடி டைல்ஸ் சூளையில் சுட்டதல்ல. நிறம் முழுக்க மேலே உள்ள மெல்லிய சிமெண்ட் அடுக்கில்தான். வேகமாக அடித்தால் மெருகு போய்விடும், ஈரத்துணியே போதும். நாட்டு ஓட்டுக் கூரையும் வேண்டாம். ஓட்டுக்கு அடியில் தண்ணீர் ஏறிவிடும்.