வினைக்கு முன்னால் நிற்கும் வினையடை: ஆங்கிலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரியில் ஒரு மாடியறையில் பல ஆண்டுகளாகப் பேச்சு ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். பாலக்கோடு, பென்னாகரம், காரிமங்கலம், அரூர் பக்கங்களிலிருந்து வந்து, ஓசூரிலோ பெங்களூரிலோ நேர்முகத் தேர்வுக்குச் செல்ல ஆயத்தமாகும் இளைஞர்களே என் வகுப்பில் பெரும்பாலோர். சென்ற வாரம் அவர்களைச் சுயஅறிமுகம் எழுதச் சொல்லி நோட்டுகளைத் திருத்தியபோது, பாதிக்கு மேற்பட்டவற்றில் ஒரே தவறு இருந்தது: ஒரு வேலை எப்படி, எப்போது, எத்தனை தடவை நடக்கிறது என்று சொல்லும் வினையடையைத் தவறான இடத்தில் வைப்பது. அது நான் அவர்கள் வயதில் செய்த தவறு என்பதால், சிவப்பு மையால் அடித்துவிட்டு அடுத்த நோட்டுக்குப் போக மனம் வரவில்லை. எழுத்துப் பிழைகளும் 'எஸ்' விடுபடுவதும் பழகப் பழகத் தாமாகவே திருந்திவிடும் என்பதால் அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

தமிழின் பழக்கத்தை அப்படியே கொண்டுபோவது

தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் நிற்கிறது. ஆகவே 'எப்போதும்', 'கடினமாக', 'தினமும்', 'தாமதமாக' என எந்த வினையடையானாலும் வினைக்கு முன்னால்தான் வந்தாக வேண்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து வரும், வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகளுக்கும் இதே பழக்கம்தான். அம்மொழிகளும் வினையைக் கடைசியில் வைப்பவையே. ஆங்கிலத்தில் வினை நடுவில் வருவதால், அதற்கு முன்னும் பின்னும் இடம் இருக்கிறது. எந்த வினையடை எந்த இடத்துக்கு உரியது என்பதில்தான் சிக்கல் பிறக்கிறது. எத்தனை தடவை என்று தோராயமாகச் சொல்லும் 'ஆல்வேஸ்', 'யூஷுவலி', 'ஆஃபன்', 'நெவர்' ஆகியவை முதன்மை வினைக்கு முன்னால் வரும்: 'ஐ ஆல்வேஸ் டேக் த செவன் ஓ க்ளாக் பஸ்.' எப்படி என்று சொல்லும் 'வெல்', 'ஹார்டு', 'ஃபாஸ்ட்' ஆகியவை வினைக்கும், செயப்படுபொருள் இருந்தால் அதற்கும் பின்னால் வரும்: 'ஷி ஸ்பீக்ஸ் இங்கிலீஷ் வெல்.'

'ஹார்டு' என்பதை 'ஹார்ட்லி' ஆக்கி முன்னால் வைப்பது

மற்ற தவறுகளை மன்னித்துவிடுவேன். இதை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. ஏனென்றால் மற்றவை வாக்கியத்தின் அழகைத்தான் கெடுக்கின்றன. இதுவோ சொல்ல வந்ததைத் தலைகீழாக்கி, சொன்னவரின் வாயாலேயே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைக்கிறது.

'நான் கடினமாக உழைக்கிறேன்' என்று தமிழில் நினைத்து, 'ஐ ஹார்ட்லி ஒர்க்' என்று எழுதுகிறார்கள். இதற்கு ஆங்கிலத்தில் 'நான் வேலையே செய்வதில்லை எனலாம்' என்று பொருள். 'ஹார்ட்லி' என்பது 'ஏறக்குறைய இல்லை' என்று சொல்லும் சொல். 'கடினமாக' என்பதற்கு இன்றைய ஆங்கிலத்தில் அது நிற்காது. 'ஹார்டு' என்ற சொல்லே பெயரடையாகவும் வினையடையாகவும் இருக்கிறது, வினையடையாகும்போது வினைக்குப் பின்னால் நிற்கிறது: 'ஐ ஒர்க் ஹார்டு.'

ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் நேர்முகத் தேர்வில் என் கல்லூரி இறுதியாண்டு ப்ராஜெக்ட்டைப் பற்றிக் கேட்டார்கள். இரவு பகலாக உழைத்துச் செய்த வேலை அது. 'ஐ ஹார்ட்லி ஒர்க்டு ஃபார் இட், சார்' என்றேன். அதிகாரி நிமிர்ந்து பார்த்து, 'ஹார்ட்லி?' என்று கேட்டார். நான் இன்னும் அழுத்தமாக, 'யெஸ் சார், வெரி ஹார்ட்லி' என்றேன். அவர் தாளில் எதையோ குறித்துக்கொண்டு அடுத்தவரை அழைத்தார். அந்த வேலை கிடைக்காததற்குக் காரணம் அந்த ஒரு சொல்தான் என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் சில ஆண்டுகள் கழித்து அகராதியில் அதன் பொருளைப் பார்த்த நாளில், அவர் புருவத்தை உயர்த்திய விதம் நினைவுக்கு வந்து, அன்று முழுவதும் எனக்கு வேறு எதிலும் மனம் செல்லவில்லை.

எனக்குப் பிள்ளைகள்மீது கோபமில்லை. கைக்குக் கை மாறும் ஒரு ஜெராக்ஸ் தாளில் 'ஸ்லோ – ஸ்லோலி, பேட் – பேட்லி, ஹார்டு – ஹார்ட்லி' என்று வரிசையாக அச்சிட்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். தமிழில் 'ஆக' சேர்ப்பதுபோல் ஆங்கிலத்தில் 'லி' சேர்த்தால் போதும் என்று மனப்பாடம் செய்தவர்கள் மூன்றாவது வரியையும் நம்பத்தான் செய்வார்கள். ஒரு காலத்தில் 'ஹார்ட்லி' என்ற சொல்லுக்கே 'வலிமையோடு' என்ற பொருள் இருந்தது. பிறகு 'சிரமப்பட்டு' என்றாகி, அதிலிருந்து 'அரிதாகவே' என்று தேய்ந்துவிட்டது. ஆக, பிள்ளைகளின் தர்க்கத்தில் குற்றமில்லை. அதற்குப் பொருந்திய சொல்தான் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பொருள் மாறிவிட்டது.

இன்னொரு காரணமும் உண்டு. 'நல்லா ஹார்டு ஒர்க் பண்ணு' என்று வீட்டிலேயே சொல்லிப் பழகியிருப்பதால் 'ஹார்டு' முன்னாலும் 'ஒர்க்' பின்னாலும் மனத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தத் தொடரில் 'ஒர்க்' ஒரு பெயர்ச்சொல், 'ஹார்டு' அதன் பெயரடை. 'ஐ' என்ற எழுவாயைச் சேர்த்து 'ஒர்க்' என்பதை வினையாக்கியவுடன் வரிசை மாற வேண்டும். 'ஐ ஹார்டு ஒர்க்' என்பதும் தவறே.

'ஹார்ட்லி' என்ற சொல்லுக்கு உரிய இடத்தில் அதைப் பயன்படுத்திப் பழகினால் குழப்பம் விரைவில் தெளியும். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போய் வந்த மாணவி ஒருவர், அருவிக்குப் பக்கத்தில் நின்றபோது ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை என்றார். 'வி குட் ஹார்ட்லி ஹியர் ஈச் அதர்' என்று கரும்பலகையில் எழுதினேன். துணைவினைக்குப் பின்னும் முதன்மை வினைக்கு முன்னும் அது நிற்கிறது. 'நாட்' எங்கும் இல்லை, ஏனெனில் எதிர்மறை அதற்குள்ளேயே இருக்கிறது. அதற்குக் கீழே 'வி ஒர்க்டு ஹார்டு' என்று எழுதி, இரண்டையும் ஒரு வாரம் அழிக்காமல் வைத்திருந்தேன்.

'லேட்லி', 'நியர்லி'

இவையும் அதே குடும்பம். 'அவர் தாமதமாக வந்தார்' என்பது 'ஹி கேம் லேட்'. 'லேட்லி' என்றால் 'சமீப காலமாக'. 'ஐ லிவ் நியர் த பஸ் ஸ்டாண்ட்' என்பதில் 'லி' சேர்த்தால் வாக்கியமே நிற்காது. 'நியர்லி' என்றால் 'கிட்டத்தட்ட': 'த பஸ் நியர்லி ஹிட் ஹிம்' என்றால் பேருந்து அவரைக் கிட்டத்தட்ட இடித்துவிட்டது, ஆனால் இடிக்கவில்லை என்று பொருள்.

'ஒன்லி' என்பதை 'தான்' போல ஒட்டுவது

'நேற்றுதான் வந்தேன்' என்பது 'ஐ கேம் யெஸ்டர்டே ஒன்லி' ஆகிவிடுகிறது. தமிழின் 'தான்', எந்தச் சொல்லை அழுத்துகிறதோ அதன் வாலில் ஒட்டும். ஆங்கிலத்தின் 'ஒன்லி' பெரும்பாலும் அந்தச் சொல்லுக்கோ வினைக்கோ முன்னால் வரும்: 'ஐ கேம் ஒன்லி யெஸ்டர்டே' அல்லது 'ஐ ஒன்லி கேம் யெஸ்டர்டே'. மேலும், ஒவ்வொரு 'தான்' என்பதற்கும் 'ஒன்லி' பொருந்தாது. 'நீங்கள்தான் சொன்னீர்கள்' என்பதை 'யூ ஒன்லி டோல்ட்' என்று சொன்னால், கேட்பவர் 'நீங்கள் சொல்ல மட்டும் செய்தீர்கள்' என்று புரிந்துகொள்ளக்கூடும். அங்கே 'யூ வேர் த ஒன் ஹூ டோல்ட் மீ' என்று வாக்கியத்தையே மாற்ற வேண்டும்.

'டெய்லி' என்பதை வினைக்கு முன் வைப்பது

கடைசியில் வையுங்கள்: 'ஐ டிராவல் டு ஓசூர் டெய்லி.'

'இஸ்', 'ஆம்', 'ஆர்' வரும்போது

'ஆல்வேஸ்', 'நெவர்' போன்றவை அவற்றுக்குப் பின்னால்: 'ஹி இஸ் ஆல்வேஸ் லேட்.'

துணைவினைகள் இரண்டு இருந்தால்

முதலாவதற்குப் பின்னால்: 'ஐ ஹேவ் நெவர் பீன் இன்வைட்டட் டு சென்னை.' ஆனால் 'ஸ்டில்' என்பது 'ஹேவ்ன்ட்', 'டோன்ட்' போன்ற எதிர்மறைக்கு முன்னால் நிற்கும்: 'ஐ ஸ்டில் ஹேவ்ன்ட் காட் த லெட்டர்.'

'நெவர்' போட்டபின் 'டோன்ட்' போடுவது

தமிழின் 'ஒருபோதும்' எதிர்மறை வினையை விரும்பும்: 'ஒருபோதும் பொய் சொல்ல மாட்டேன்.' அந்த 'மாட்டேன்' என்பதையும் மொழிபெயர்க்க முயன்று 'ஐ நெவர் டோன்ட் டெல் லைஸ்' என்கிறார்கள். 'நெவர்' வந்த இடத்தில் வினை உடன்பாட்டிலேயே நிற்க வேண்டும்: 'ஐ நெவர் டெல் லைஸ்.' வகுப்பில் இதைச் சொல்லும்போது, 'மாட்டேன்' என்பதை விரலால் மறைத்துவிட்டு மீதியை மட்டும் ஆங்கிலமாக்கச் சொல்கிறேன். பெரும்பாலோர் அதற்குப் பிறகு 'டோன்ட்' போடுவதில்லை.