குரூப் 4 படிப்பவர்கள் நேரத்தை எங்கே தொலைக்கிறார்கள்?

2025 ஜூலை 12 அன்று நடந்த டிஎன்பிஎஸ்சி (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) குரூப் 4 தேர்வுக்கு 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். அறிவிப்பு வந்தபோது சொல்லப்பட்ட காலியிடங்கள் 3,935. கேள்விகள் பத்தாம் வகுப்புத் தரம்தான், பெரும்பகுதி பள்ளிப் பாடப்புத்தகங்களில் இருந்தே வருகிறது. அதனால்தான் வீட்டில் உள்ளவர்களுக்கு "இதைப் படிக்க இத்தனை வருஷமா?" என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்கப்படுகிறவர் காலை எட்டு மணிக்கே நூலகத்துக்குப் போய்விடுகிற ஆளாக இருப்பார். சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் கட்-ஆஃபுக்கு, அதாவது தேர்வாகத் தேவையான குறைந்தபட்ச மதிப்பெண்ணுக்கு, பத்துப் பதினைந்து கேள்வி கீழேயே நின்றுவிடுவார்.

இப்படி நிற்பவர்களின் நாளைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒரு பழக்கம் கண்ணில் படும். தனக்கு எது தெரியாது என்று காட்டிக்கொடுக்கும் வேலையை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பார்கள். மற்ற எல்லாம் ஒழுங்காக நடக்கும். வெற்றி மனப்பான்மை, நேர மேலாண்மை என்று இரண்டு தலைப்பாகப் பிரித்துப் பேசுகிறோம். இந்தத் தேர்வைப் பொறுத்தவரை இரண்டும் இந்த ஒரே இடத்தில்தான் சிக்குகின்றன.

முதலில் மனப்பான்மை. காலையில் எழுந்ததும் மோட்டிவேஷன் வீடியோ, போன் முகப்பில் "வருங்கால விஏஓ" (கிராம நிர்வாக அலுவலர்), இரவில் படுக்கும்போது பணி நியமன ஆணை வாங்குவது போன்ற கற்பனை. இதில் என்ன கெட்டுவிடப் போகிறது என்று தோன்றும். கெடுகிறது என்றுதான் ஆய்வு சொல்கிறது. கேப்ரியேல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளரும் டோரிஸ் மேயரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஜெர்மனியில் வேலை தேடிக்கொண்டிருந்த பட்டதாரிகளைப் பின்தொடர்ந்தார்கள். வேலை கிடைத்துவிட்டது போல அடிக்கடி இனிமையாகக் கற்பனை செய்தவர்கள், இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது, குறைவாகவே விண்ணப்பித்திருந்தார்கள். கிடைத்த வாய்ப்புகளும் சம்பளமும் கூடக் குறைவு. அதே சமயம், "எனக்குக் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது" என்று நிதானமாக எதிர்பார்த்தவர்கள் நன்றாகவே செய்தார்கள். நம்பிக்கை வேறு, பகல் கனவு வேறு என்று நம் வீட்டுப் பாட்டிகள் சும்மா சொல்லவில்லை.

நம்பிக்கையோடு இருப்பவர் மாதிரித் தேர்வு எழுதி 200 கேள்வியில் 118 மட்டும் சரியாக இருந்தால், விடைத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கனவில் இருப்பவர் தாளை மடித்து வைத்துவிட்டு, "அடுத்த வாரம் முழு சிலபஸும் முடித்துவிட்டு எழுதுகிறேன்" என்பார். அந்த அடுத்த வாரம் வரவே வராது.

கலர் பேனாவில் எழுதிய டைம்டேபிள்

காலை 4 மணிக்கு எழுவது, 4.30 முதல் 7 வரை தமிழ், 7.30 முதல் வரலாறு என்று தொடங்கி இரவு 11 மணி வரை போகும் அட்டவணை சுவரில் ஒட்டப்படும். மூன்றாம் நாள் சொந்தத்தில் ஒரு கல்யாணம் வரும், ஐந்தாம் நாள் தலைவலி. ஏழாம் நாள் அட்டவணையைக் கிழித்துவிட்டு, இன்னும் அழகாகப் புதிதாக ஒன்று போடுவார்கள். புதிது போடும் அந்த அரை நாளும் படித்த கணக்கில் சேர்ந்துவிடும் என்பதுதான் வேடிக்கை.

ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதைக் குறைத்துக் கணக்கிடுவது மனித இயல்பு. உளவியலாளர்கள் டேனியல் கானமன், ஆமோஸ் ட்வர்ஸ்கி இருவரும் 1979இலேயே இதைச் சுட்டிக்காட்டினார்கள். 1994இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள், ஆனது 55 நாளுக்கு மேல். எல்லாமே தப்பாகப் போனால் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன கணக்கையும் தாண்டித்தான் பலருக்கு முடிந்தது.

எனவே அட்டவணை போடும் முன் ஒரு வாரம் எதையும் மாற்றாமல், உண்மையில் எத்தனை மணி நேரம் படிக்கிறீர்கள் என்று மட்டும் குறித்துப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு அது தாங்கள் நினைப்பதில் பாதிதான் இருக்கும். கஷ்டமாக இருந்தாலும் பரவாயில்லை, அந்தப் பாதியை வைத்துத் திட்டம் போடுங்கள். வாரத்தில் ஒரு நாளைக் காலியாக விடுங்கள். விடுபட்டதையெல்லாம் அந்த நாள் வாங்கிக்கொள்ளும். காலியான நாள் இல்லாத திட்டம் முதல் கல்யாணப் பத்திரிகையோடு காலி.

படித்த மணி நேரத்தை எண்ணுவது

எல்லாத் தவறுகளிலும் அதிக நேரத்தை விழுங்குவது இதுதான். "இன்று பத்து மணி நேரம்" என்று ஸ்டேட்டஸ் போடுபவரிடம், அந்தப் பத்து மணி நேரத்தில் புத்தகம் எவ்வளவு நேரம் மூடியிருந்தது என்று கேட்டால் கோபம் வரும். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

வேலூர்ப் புரட்சிப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். மூன்று முறை வாசித்து, மஞ்சள் மார்க்கரில் கோடும் போட்டாயிற்று. 1806 ஜூலை 10, புதிய தலைப்பாகை, திப்புவின் குடும்பத்தார் கோட்டையில் இருந்தது எல்லாம் கண்ணுக்குப் பழகிவிட்டது. பழகிவிட்டதால் தெரிந்துவிட்டது என்ற எண்ணம் வரும். இப்போது புத்தகத்தை மூடிவிட்டு, அப்போது சென்னை மாகாண ஆளுநர் யார், படைத்தளபதி யார், ஆற்காட்டில் இருந்து வந்து அடக்கியவர் யார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பென்டிங்க், கிரடாக், கில்லஸ்பி என்று மூன்று பெயரும் தெரியும். எது எவர் என்பதில்தான் தடுமாற்றம். "பொருத்துக" கேள்வி சரியாக அந்தத் தடுமாற்றத்தில்தான் கை வைக்கும்.

ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 2006இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். ஒரு குழு ஒரு பத்தியை நான்கு சுற்று வாசித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று மட்டும் வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவில் இருப்பதை மூன்று முறை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு நினைவில் இருந்தது 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கோ 61. நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியது எந்தக் குழு என்றால், வாசித்த குழுதான்.

ஆக, திரும்பத் திரும்ப வாசிப்பது ஒரு திருப்தியைத் தருகிறது. அந்தத் திருப்தி தேர்வுக் கூடத்துக்குக் கூட வருவதில்லை. ஒரு மணி நேரம் படித்தால் அடுத்த இருபது நிமிடம் புத்தகத்தை மூடிவிட்டு, தெரிந்ததை ஒரு வெள்ளைத் தாளில் எழுதுவதுதான் ரிவிஷன். மூன்று நாள் கழித்து ஒரு முறை, பத்து நாள் கழித்து இன்னொரு முறை. எழுதும்போது எரிச்சலாக இருக்கும். எரிச்சல் வரும் இடத்தில்தான் படிப்பு ஏறுகிறது.

மாதிரித் தேர்வுக்கும் இதே கதை. டெஸ்ட் பேட்ச்சில் சேர்வார்கள், எழுதுவார்கள், மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், அதோடு விட்டுவிடுவார்கள். மூன்று மணி நேரம் எழுதிய தேர்வுக்கு இன்னொரு மூன்று மணி நேரம் தவறுகளோடு உட்கார வேண்டும். ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் ஒரு காரணம் எழுதுங்கள்: படிக்கவே இல்லை, படித்து மறந்தது, இரண்டு விடைகளுக்கு நடுவில் குழம்பியது, "தவறானது எது" என்பதைச் "சரியானது எது" என்று வாசித்தது. நாலைந்து தேர்வுக்குப் பிறகு எந்தக் காரணம் அதிகம் என்று தெரிந்துவிடும். கடைசிக் காரணம்தான் அதிகம் என்றால் உங்களுக்குப் புதிய புத்தகம் எதுவும் தேவையில்லை, கேள்வியை முழுசாக வாசித்தால் போதும். இதை அறியாமல் இன்னொரு கைடு வாங்குபவர்கள்தான் அதிகம்.

மதிப்பெண் எங்கே இருக்கிறதோ அங்கே நேரம்

மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் 100 கேள்வி, 150 மதிப்பெண், தமிழுக்கு மட்டும். தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம், அதாவது 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். பொது அறிவு 75, கணக்கும் அறிவுக்கூர்மையும் 25. இப்போது உங்கள் கடந்த மாதத்தைப் பாருங்கள். வரலாற்றுக்கு மட்டும் மூன்று வாரம் போயிருந்தால் ஆச்சரியமில்லை. கதை போல ஓடும் பாடம் என்பதால் அது இழுக்கும். தமிழையோ "நம்ம பாஷைதானே, கடைசியில் பார்த்துக்கலாம்" என்று விடுவார்கள். 2025 தேர்வு முடிந்ததும், தமிழ்ப் பகுதி எதிர்பார்த்ததைவிடக் கடினம் என்ற புலம்பல்தான் அதிகம் கேட்டது.

கணக்குக்குப் பயந்து 25 கேள்வியையும் விட்டுவிடுபவர்கள் தனி ரகம். அது 37.5 மதிப்பெண். விழுக்காடு, மீ.பொ.வ., மீ.சி.ம., விகிதம், தனிவட்டி, கூட்டுவட்டி, காலமும் வேலையும், பரப்பளவு என்று ஒரு கைப்பிடித் தலைப்புகளில் இருந்துதான் கேள்வி வரும். பழைய வினாத்தாள்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தால் அதே வகைக் கணக்கு எண் மாறி வருவது தெரியும். தினமும் ஐந்து கணக்கு, மூளை தெளிவாக இருக்கும் நேரத்தில் போடுங்கள். இரவு பத்து மணிக்கு, தூக்கக் கலக்கத்தில் கணக்கை எடுத்துவிட்டு "எனக்கு மேத்ஸ் வராது" என்று முடிவு கட்டுவது நியாயமே இல்லை. "வராது" என்ற இந்த முடிவைப் பற்றித்தான் உளவியலாளர் கரோல் டுவெக் பல வருடம் ஆராய்ந்தார். திறமை பிறவியிலேயே அளந்து வைக்கப்பட்டது என்று நம்புகிறவர் கஷ்டமான கேள்வியைக் கண்டதும் விலகிவிடுகிறார். சும்மா "என்னால் முடியும்" என்று மாற்றிச் சொல்லிக்கொண்டால் மட்டும் கணக்கு வந்துவிடாது, அந்த ஐந்து கணக்கைப் போட வேண்டும்.

பிடிஎஃப் சேகரிப்பு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பதினைந்து டெலிகிராம் குரூப்பில் இருந்து இறக்கியதைப் படிக்க ஒரு பிறவி போதாது. சமச்சீர் புத்தகங்கள், பழைய வினாத்தாள்கள், நடப்பு நிகழ்வுகளுக்கு ஏதாவது ஒரு தொகுப்பு, அவ்வளவுதான். மீதியை அழித்துவிடுங்கள்.

நோட்டிஃபிகேஷன் வரட்டும் என்று காத்திருப்பது

2024 தேர்வுக்கு ஜனவரி 30 அன்று அறிவிப்பு, ஜூன் 9 அன்று தேர்வு. நான்கு மாதத்துக்கும் மேல் கிடைத்தது. 2025இல் ஏப்ரல் 25 அறிவிப்பு, ஜூலை 12 தேர்வு. மூன்று மாதம்கூட இல்லை. அறிவிப்புக்குப் பிறகு தொடங்கலாம் என்று இருந்தவர்களுக்கு தமிழை ஒரு முறை புரட்டவே நேரம் சரியாக இருந்திருக்கும். தேர்வாணையம் வருடாந்திரக் கால அட்டவணையை முன்கூட்டியே வெளியிடுகிறது. அதில் உள்ள மாதத்தை வைத்துத் தொடங்குவதுதான் சரி. தேதி கொஞ்சம் முன்பின் ஆனால் ஆகட்டும்.

வேலைக்குப் போய்க்கொண்டோ, வீட்டையும் குழந்தையையும் பார்த்துக்கொண்டோ படிப்பவர்கள் செய்யும் தவறு வேறு மாதிரி. முழு நேரமாகப் படிப்பவரின் பத்து மணி நேரத்தோடு தங்கள் இரண்டு மணி நேரத்தை ஒப்பிட்டு, தொடங்கும் முன்பே தோற்றுவிடுகிறார்கள். அந்தப் பத்து மணி நேரத்தின் லட்சணத்தை மேலே பார்த்தோம். மூடிய புத்தகத்தோடு செலவிடும் இரண்டு மணி நேரம் உங்களுக்குப் போதுமான அடித்தளம். பஸ்ஸில் திருக்குறளும் சொற்பொருளும், காலையில் கணக்கு, ஞாயிற்றுக்கிழமை ஒரு முழுத் தேர்வு. ஒரு வேண்டுகோள்: எந்த நேரத்தில், எந்த இடத்தில் உட்காருவேன் என்று முன்பே முடிவு செய்துவிடுங்கள். "நேரம் கிடைக்கும்போது படிக்கிறேன்" என்றால் கிடைக்கவே கிடைக்காது, முக்கியமாகக் கூட்டுக் குடும்பத்தில்.

தேர்வறையில் போகும் நேரத்தையும் சொல்லிவிட வேண்டும். மூன்று மணி நேரத்தில் 200 கேள்வி என்றால் ஒன்றுக்கு 54 விநாடி, ஓஎம்ஆர் தாளில் வட்டம் நிரப்புவதும் இதற்குள் அடக்கம். கடைசிப் பத்து நிமிடத்தில் மொத்தமாக நிரப்பலாம் என்று வைத்திருந்து, ஒரு வரிசை தள்ளி நிரப்பினால் ஒரு வருட உழைப்பு போயிற்று. பத்துக் கேள்விக்கு ஒரு முறை நிரப்பிக்கொண்டே வாருங்கள். வீட்டில் எழுதும் மாதிரித் தேர்விலும் ஜெராக்ஸ் எடுத்த ஓஎம்ஆர் தாளையே பயன்படுத்துங்கள், காலை 9.30க்கே உட்காருங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பது கிடையாது, அதனால் இரண்டில் ஒன்று என்று சுருக்கிவிட்ட கேள்வியை விட்டுவிட்டு வராதீர்கள்.

தேர்வு முடிந்த பிறகு ஒரு நீண்ட காத்திருப்பு உண்டு. 2022 ஜூலை 24 அன்று எழுதியவர்களுக்கு முடிவு வந்தது 2023 மார்ச்சில். எட்டு மாதம் ஆன்சர் கீயையும், யூடியூபில் ஆளுக்கு ஒன்றாகச் சொன்ன கட்-ஆஃப் கணிப்பையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவர்கள் அடுத்த தேர்வுக்கான நேரத்தையும் சேர்த்து இழந்தார்கள். உத்தேச விடைக்குறிப்பு வந்ததும் ஒரே ஒரு முறை மதிப்பெண் போட்டுப் பாருங்கள், தவறுகளைப் பிரித்து எழுதுங்கள், அப்புறம் அந்தத் தாளை எடுத்து வைத்துவிடுங்கள்.

எத்தனை முறை எழுதுவது என்பதையும் முதல் தேர்வுக்கு முன்பே ஒரு தாளில் எழுதி வைப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். தோற்ற மறுநாள் எடுக்கும் முடிவு எந்தப் பக்கமும் சரியாக இருக்காது. இத்தனை முறை, இந்த மதிப்பெண்ணைத் தொடாவிட்டால் வேலைக்குப் போய்க்கொண்டே எழுதுவேன் என்று இருந்தால், வீட்டில் கேட்பவர்களுக்கும் ஒரு பதில் இருக்கும். இரண்டு தேர்வுக்கு இடையே மாதிரித் தேர்வில் உங்கள் சரியான விடைகள் 118இல் இருந்து 145க்கு வந்திருந்தால், இன்னொரு முறை எழுதலாம் என்று நானே சொல்வேன். 118 அப்படியே 120 ஆக நின்றிருந்தால், மறுபடி எழுதும் முன் படிக்கும் முறையை மாற்ற வேண்டும். அதற்கு அந்தப் பழைய விடைத்தாள்கள் எல்லாம் தேவைப்படும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.