எரிமலை வெடிக்கப் போகுதான்னு டேட்டா பாத்து கண்டுபிடிக்கிறது எப்படி

மொதல்ல நிலநடுக்க கிராஃப பாருங்க. மேக்மா, அதாவது பூமிக்குள்ள உருகிக் கெடக்குற பாறைக் குழம்பு, பாறைய பிளந்துக்கிட்டு மேல வரும்போது சின்னச் சின்ன நடுக்கம் கொத்துக் கொத்தா பதிவாகும், ஒண்ணு ரெண்டுக்கு பயப்பட வேணாம், நாளுக்கு நாள் கூடுதா, ஆழம் கொறையுதான்னு பாக்கணும். டில்ட்மீட்டர்னு தரையோட சாய்வ அளக்குற கருவி மலை உப்புறத காட்டும். ஆனா மேக்மால இருந்து வெளிய வர்ற கேஸ்லதான் ஏமாந்துடுவோம்! பிலிப்பைன்ஸ் பினாடுபோ மலையில 1991 மே 13ல சல்பர் டை ஆக்சைடு கேஸ் ஒரு நாளைக்கு சுமார் 500 டன், மே 28ல சுமார் 5000 டன், அப்புறம் சட்டுனு கொறஞ்சுது. அப்பாடான்னு விட்றாதீங்க, வழி அடைச்சுக்கிட்டா கேஸ் வெளிய வராது, குக்கர்ல விசில் அடைச்ச மாதிரி உள்ள அழுத்தம் ஏறிட்டே இருக்கும். ஜூன் 15ல பெருசா வெடிச்சுது, நல்லவேளை அதுக்குள்ள பல்லாயிரம் பேர வெளியேத்திட்டாங்க.