க்ளீட் இடம் மாறினால் முழங்கால் வலிக்கும்

க்ளீட் என்பது சைக்கிள் ஷூவின் அடியில் போல்ட்டால் பொருத்தும் துண்டு; இதுதான் ஷூவைக் கிளிப்லெஸ் பெடலில் பூட்டுகிறது. அந்த ஷூவை மாட்டிக்கொண்டு, பெருவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் அடியில் பக்கவாட்டில் புடைத்திருக்கும் எலும்புகளைத் தடவிப் பார்த்து ஷூவின் மேல் குறியிடுங்கள். க்ளீட்டின் நடுப்பகுதி இந்த இரண்டு குறிகளுக்கும் இடையில் வரட்டும். ரொம்ப முன்னால் போனால் கெண்டைக்கால் இழுபடும். சந்தேகம் வந்தால் சற்றுப் பின்னால் வைப்பதே மேல்.

போல்ட் மரையில் துளி கிரீஸ் தடவி, மாறி மாறி இறுக்குங்கள். ஷிமானோ க்ளீட்டுக்கு இறுக்கும் முறுக்கு விசை (டார்க்) 5 முதல் 6 நியூட்டன் மீட்டர். இதில் அசட்டை வேண்டாம். போல்ட் தளர்ந்திருந்தால், கழற்றுவதற்காகக் குதிகாலை வெளிப்பக்கம் திருப்பும்போது ஷூ மட்டும் திரும்பும், க்ளீட் பெடலிலேயே நிற்கும். கால் விடுபடாமல் சைக்கிளோடு விழுவீர்கள். முதல் ஓட்டம் முடிந்ததும் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

3 போல்ட்டில் பொருத்தும் ஷிமானோ வகையில் புதியவர்களுக்கு மஞ்சள் க்ளீட்தான் சரி, பெடலில் பூட்டியபடியே கால் பக்கவாட்டில் திரும்ப 6 டிகிரி அசைவு தரும். சிவப்பில் அசைவே கிடையாது.